கத்திக்கு வைத்த பெயர்

டெலங்கு, 12 ஏப்ரல் 1936

மதிப்பிற்குரிய காங்மாஸ் ரசிமன் அவர்களுக்கு,

நான் முர்தினா, உங்கள் மனைவி; அந்த முறையில்தான் காங்மாஸ் என்று எழுதுகிறேன். நாம் இன்னும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அதனால் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை எழுந்து நின்று பெயர் சொல்வதுபோல நானே சொல்லிக்கொள்கிறேன். வயது இருபத்தாறு. கல்யாணம் வரைக்கும் சோலோ பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னேன்.

தோட்டத்துத் துரை லீவு தரவில்லை என்று கடல் தாண்டித் தெலியிலிருந்து நீங்கள் அடித்த தந்தி கிடைத்தது. மசூதியில் உங்கள் சித்தப்பா உங்களுக்காக வாக்குச் சொன்னார். மணவறையில் என் பக்கத்தில் உங்கள் அப்பாவின் கெரிஸ் கத்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளை வர முடியாதபோது கெரிஸ் உட்காருவது நம் பக்கத்தில் புதிதல்ல. சடங்கு முடிந்ததும் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இபு, அதாவது உங்கள் அம்மா, வைக்கவில்லை.

மாப்பிள்ளை முட்டையை மிதித்து, பெண் அவர் காலைக் கழுவும் சடங்கை விட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். கத்திக்குக் கால் ஏது? உங்கள் அம்மா கேட்கவில்லை. கெரிஸின் உறை நுனியால் முட்டையை அழுத்தினார். முட்டை உடைந்தது, உறையின் நுனியும் கொஞ்சம் பிளந்தது. நான் குனிந்து அந்த நுனியைப் பூத்தண்ணீரில் கழுவினேன். பின்னால் ஒருத்தி, "கால்ல ஆணி இல்லாத மாப்பிள்ளை, குடுத்து வச்சவடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இபு மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணமானால் ஆணுக்குப் பெரிய பெயர் வைப்பார்கள் அல்லவா? உங்களுக்கு விர்யாத்மோஜோ என்று வைத்தார்கள். கெரிஸைப் பார்த்துத்தான் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அது உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. இங்கே தினமும் காலையில் இபு, "விர்யா, எந்திரிப்பா" என்று கூப்பிடுகிறார். உடனே உறைக்குள் அலகு ஒரு தடவை தட்டுகிறது, மேசையில் விரல் மடக்கித் தட்டுவதுபோல. மர உறைக்கு வெயில் பட்டால் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கெரிஸுக்கு முன்னால் காப்பி வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். தலைமையாசிரியை என் இடத்தை ஆகஸ்ட் வரை காலியாக வைத்திருக்கிறார். நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். இபுவிடம் கேட்டேன். "புருஷன் வீட்ல இருக்கறப்ப பொண்டாட்டி ரயிலேறிப் போவாளா?" என்கிறார். நீங்கள் ஒரு வரி அவருக்கு எழுதினால் போதும்.

முர்தினா


பிஞ்சாய், தெலி, 9 மே 1936

தியாஜெங் முர்தினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மனைவி என்று ஒருத்தியைத் தியாஜெங் போட்டு எழுதுவது எனக்கு இதுதான் முதல் முறை. அம்மா சொல்வதைக் கேட்டு நடந்துகொள். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அதுதான் அழகு. என் மனைவி சம்பளத்துக்குப் போகிறாள் என்றால் இங்கே என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? நான் இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் பால் நிறுக்கும்போது முந்நூறு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே உடன் வேலை செய்து, என் அறையிலேயே தங்கும் காசிம் நாளெல்லாம் கிண்டல் செய்கிறான். "டேய், கல்யாணம் உனக்கு ஆகலடா, உன் கத்திக்கு ஆச்சு."

புதுப் பெயர் எனக்கு வந்து சேரவில்லை. இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அந்தக் கல்யாண நாளன்று தராசருகே நின்றிருந்தபோது எனக்கு மல்லிகை வாசனை அடித்தது. ரப்பர் பாலின் நாற்றத்துக்கு நடுவே. காசிமிடம் கேட்டேன், அவனுக்கு அடிக்கவில்லை. இன்னொன்று. நான் கசப்புக் காப்பி குடிப்பவன், இனிப்பே ஆகாது. அந்த மாதத்திலிருந்து காலையில் கண் விழிக்கும்போதே வாயெல்லாம் வெல்லமாக இனிக்கிறது. தோட்டத்து மருத்துவர் வயிற்றுக்கோளாறு என்று மருந்து கொடுத்தார். தீரவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

ரசிமன்


டெலங்கு, 2 ஜூன் 1936

காங்மாஸ்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வெல்லம்.

கெரிஸுக்கு வைக்கும் காப்பியில் நான் வெல்லம் போடுகிறேன், நிறையவே. "சின்ன வயசுல வெல்லக் கட்டியத் திருடித் திம்பான்" என்று இபு சொன்னதால்.

பிள்ளைகளுக்கு அவரை விதை முளைப்பதைக் காட்டும்போது ஒன்று சொல்வேன். இரண்டு சட்டியிலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும், ஒன்றை மட்டும் மாற்று. வெயிலையும் தண்ணீரையும் சேர்த்து மாற்றினால் செடி ஏன் வாடியது என்று தெரியாது. அப்படியே செய்யப் போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை, ஐந்தாம் தேதியிலிருந்து, காப்பியில் வெல்லம் கிடையாது. மற்றதெல்லாம் அப்படியே. இபுவுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த கெரிஸைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கி, வரும் கனவை வைத்துப் பொருத்தம் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஆண்கள் செய்வது. இபு என்னைச் செய்யச் சொன்னார். கனவில் வரிசை வரிசையாக மரங்கள், அதற்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நடந்துபோகிறார். வலது காலை இழுத்து இழுத்து வைக்கிறார். காலில் என்ன என்று கேட்டேன். அவர் திரும்பாமலே, "முட்டை" என்றார்.

இபு என்ன கனவு என்று கேட்டபோது, மரங்களைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். பொருத்தம் என்றார்.

உங்கள் வலது காலில் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். நான் நிம்மதியாக இருப்பேன்.

இப்போது பள்ளி. முந்நூறு பேர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது என்னைப் பார்ப்பது ஒரு கத்தி மட்டும்.

முர்தினா


பிஞ்சாய், 30 ஜூன் 1936

முர்தினா,

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் என் வாய் கசந்தது. நல்ல கசப்பு. படுக்கையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதே. உன் கடிதம் வந்து சேர்ந்தது அதற்கு வெகுநாள் கழித்து. தேதியை இரண்டு முறை பார்த்தேன்.

என் வலது கால் கட்டைவிரல் கல்யாண நாளன்று பிளந்தது. அலுவலகப் படியில் இறங்கினேன், எதிலும் இடிக்கவில்லை, நகம் நடுவில் விரிந்துவிட்டது. இன்னும் ஆறவில்லை. இதை அம்மாவுக்கு எழுதவில்லை. யாருக்கும் எழுதவில்லை.

வேறொன்றும் நடக்கிறது. தினமும் நண்பகல் தொழுகை முடிந்த நேரத்தில் நான் நானாக இல்லை. துரை கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் சுவரைப் பார்த்து, "ஆமாம்மா" என்கிறேன். பிறகு பேசாமல் நிற்கிறேன். மறுபடியும், "ஆமாம்மா." காசிம் முதலில் சிரித்தான். "அம்மா பிள்ளைடா நீ. எங்க இருந்து கூப்பிட்டாலும் காது கேக்குது பாரு." இப்போது அவன் சிரிப்பதில்லை. அந்த நேரத்தில் என் பக்கத்தில் உட்காருவதுமில்லை.

அங்கே அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? மறைக்காமல் எழுது.

பள்ளியைப் பற்றி நான் சொன்னதை மாற்றவில்லை. இதையும் அதையும் சேர்த்துக் குழப்பாதே.

ரசிமன்


டெலங்கு, 26 ஜூலை 1936

காங்மாஸ்,

மறைக்காமல் எழுதுகிறேன்.

தொழுகை முடிந்ததும் இபு கெரிஸுக்கு எதிரே பாய் விரித்து உட்காருவார். கேள்வி கேட்பார். உறைக்குள் தட்டினால் ஆம், தட்டாவிட்டால் இல்லை. பெரிய கேள்விகள் ஒன்றுமில்லை. மழை வருமா, தெம்பே பொரிக்கவா, பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றித் தப்பாகப் பேசினாளா. ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா எங்கிட்டப் பேசாமயே செத்துப்போனாரே, கோவமா அவருக்கு?" என்றார். அது தட்டவில்லை. இபு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

போதும் இபு, களைப்பாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார். "பொண்ணே, இந்த வீட்ல வாழ்க்கைப்பட்ட நாள்லேர்ந்து நான் கேட்ட கேள்விக்கு ஒரு ஆம்பளையும் பதில் சொன்னதில்ல. இவன் சொல்றான்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் செய்ததையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் நெருங்குகிறது. கடிதத்தில் நீங்கள் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, நண்பகல், இபு கேட்டு முடித்ததும் நானும் ஒன்று கேட்கலாமா என்றேன். பள்ளிக்கூடம்தானே என்றார். ஆமாம் என்றேன். இபு பாயை இழுத்துச் சரிசெய்தார். "தட்டினா நான் ஒத்துக்க மாட்டேன். அவன் எந்திரிச்சு நின்னு சொல்லட்டும்."

கெரிஸை நுனியில் நிறுத்திக் காட்டுவதைச் சந்தையில் ஆண்கள் செய்து பார்த்திருக்கிறேன். பெண் அலகை உருவக் கூடாது என்பதும் தெரியும். இபு தடுப்பார் என்று நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். உருவினேன். பாயின் மேல் நுனியை வைத்து, விர்யாத்மோஜோ, நான் வேலைக்குப் போகலாமா என்று கேட்டுக் கையை எடுத்தேன்.

நின்றது. சாயாமல், ஆடாமல். வெளியே கோழி கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இபு, "சரி, போ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் விழுந்தது.

மூன்றாம் தேதி பள்ளி திறக்கிறது. நான் போகிறேன்.

முர்தினா


பிஞ்சாய், 20 ஆகஸ்ட் 1936

முர்தினா,

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தோட்டத்து மருத்துவமனையில் இருந்தேன். விரல் சீழ் பிடித்துக் கிழித்துத் தைத்திருந்தார்கள். காலைக் கீழே ஊன்றவே கூடாது என்று உத்தரவு. நண்பகலில் எழுந்து நின்றேன். வலது காலில் மட்டும். காசிம் பக்கத்தில் இருந்தான். நான் குச்சி மாதிரி நின்றேனாம், கண் திறந்திருந்ததாம், கூப்பிட்டால் கேட்கவில்லையாம். "போகட்டும்" என்று சொல்லிவிட்டு விழுந்தேனாம். தையல் பிரிந்து படுக்கையெல்லாம் ரத்தம். அதன் பிறகு அவன் வேறு அறைக்கு மாறிக்கொண்டான்.

வலியைப் பற்றி எழுதவில்லை. வலி போய்விடும். நான் சம்மதிக்கவில்லை முர்தினா. அன்று காலைகூட முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமல் என் வாயிலிருந்து சம்மதத்தை எடுத்துக்கொண்டாய். என் காலை வைத்து என்னை நிறுத்தினாய். நான் இங்கே இருக்கும்போதே எனக்குப் பதிலாக இன்னொருவன் தலையாட்டினால் அதற்கு என்ன பெயர்?

பதில் எழுத வேண்டாம்.

ரசிமன்


டெலங்கு, 15 செப்டம்பர் 1936

காங்மாஸ்,

பதில் வேண்டாம் என்றீர்கள். ஆனால் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்குப் பழக்கமில்லை.

நமக்குக் கல்யாணம் பேசியபோது பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்குச் சம்மதமா என்று யாரோ கேட்க, அப்பா தலையை ஆட்டினார். நான் இருக்கும்போதே எனக்குப் பதிலாக ஒருவர் தலையாட்டினார். அதற்குப் பெயர் பெண்ணின் சம்மதம்.

நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. அன்று தேங்காயைத் துருவிக்கொண்டே எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் உங்களுக்கும் இருந்திருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு புரிந்தது. ரத்தம் என்று எழுதியிருந்த வரியை இன்னொரு முறை படிக்க முடியவில்லை.

இனி நான் கெரிஸிடம் எதுவும் கேட்க மாட்டேன். வேலையை விட மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காலை ரயிலில் போகிறேன், சாயங்காலம் வருகிறேன். காப்பி மட்டும் வைக்கிறேன், வெல்லமில்லாமல். அதை நிறுத்தினால் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இபு கொடுக்கவில்லை. நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவர் கேட்பது அதிகமாகிவிட்டது. கெரிஸுக்குப் புதிதாக ஒரு சட்டை தைத்திருக்கிறார், கை வைக்காத சட்டை.

முர்தினா


பிஞ்சாய், 18 ஜனவரி 1937

முர்தினாவுக்கு,

நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். கோபம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

என் ஒப்பந்தம் முடிகிறது. பெலவான் துறைமுகத்திலிருந்து பிப்ரவரி நடுவில் கப்பல். சுரோ மாதம் பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீ படித்துக் காட்டினாயா?

இப்போதெல்லாம் நண்பகல் என்பது ஒரு மணி நேரமாகிவிட்டது. மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், யாரும் பார்க்காமல் ஆமாம் சொல்லி முடித்துவிட்டு வருகிறேன். கூலிக்காரர்கள் அந்த மரத்தைச் சுற்றிப் போகிறார்கள். கைகளை அசைப்பது சில நாள் மறந்துவிடுகிறது. காசிம்தான் பேனாவை எடுத்து என் விரலில் வைக்கிறான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காலையில் கண் விழிக்கும்போது வரும் கசப்பு. நீ காப்பி வைத்துவிட்டாய் என்று தெரிகிறது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதா, மழையில் நனையாமல் போகிறாயா என்று நினைத்துக்கொள்கிறேன். நாள் முழுவதிலும் எனக்கு வீடு என்று இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

உன் வகுப்பில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள்?

ரசிமன்


சோலோ, 24 பிப்ரவரி 1937

காங்மாஸ்,

இதை டெலங்கு வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நீங்கள் வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். ஏன் என்று இபு சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதங்களை இபுவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் கேட்டுவிட்டு, "யாரு இது?" என்றார். உங்கள் மகன், தெலியிலிருந்து வருகிறார் என்றேன். "எம்மகன் இங்கதான இருக்கான்? கப்பல்ல வர்றவன் எவனோ." கேலியாகச் சொல்லவில்லை. கண்ணில் கலக்கம் இருந்தது. வீடு புகுந்து யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருகிறார்கள் என்பதுபோல.

போன வியாழக்கிழமை பள்ளியிலிருந்து திரும்பியபோது கெரிஸின் பீடத்தில் உறை மட்டும் இருந்தது. கெரிஸைக் கழுவுகிறவர் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். கழுவுவது சுரோ மாதத்தில்தானே, அது பிறக்க இன்னும் நாளிருக்கிறதே என்றேன். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "பெரியம்மா சொன்னாங்க, நான் என்ன பண்ண?" என்றார். தொட்டியில் இளநீர். அதற்கடியில் அலகு மூழ்கிக் கிடந்தது. பக்கத்தில் எலுமிச்சை குவித்து வைத்திருந்தது. பாஷாணம் பொட்டலமாக இருந்தது. இபு தொட்டிக்கருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோ ராசா. அந்தக் கப்பல்காரனோட வாடை போயிரட்டும். அப்புறம் நீ எனக்கு மட்டுந்தான்."

எலுமிச்சை தேய்த்து வெளுக்க வைத்த பிறகு பாஷாணம் பூசுவார்கள். அலகுக்கு அது நல்லது. நீங்கள் அன்று நடுக்கடலில் இருந்தீர்கள்.

நான் யோசிக்கவில்லை. தொட்டியில் கையை விட்டு எடுத்து, தோள் துணியில் சுற்றி, உறையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆண்கள் முதுகுப் பக்கம் செருகுவார்கள். எனக்கு அது எட்டவில்லை, முன்னாலேயே செருகினேன். இபு என் காலைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணே, உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" என்றார். கையை மெதுவாக விலக்கிவிட்டு ரயிலடிக்கு நடந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

பள்ளிக்குப் பின்னால் ஆசிரியைகளுக்கான அறை ஒன்றில் இருக்கிறேன். கெரிஸ் என் மேசையில் இருக்கிறது. வந்ததிலிருந்து தட்டவே இல்லை. இங்கே அதைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

நீங்கள் இதைப் படிக்கிறீர்களா?

முர்தினா


டெலங்கு, 3 மார்ச் 1937

தியாஜெங் முர்தினா அவர்களுக்கு,

படித்தேன். உயிரோடிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை கப்பல் தளத்தில் உட்கார்ந்திருந்தவன் மூச்சு விட முடியாமல் சாய்ந்தேனாம். மூக்கிலும் வாயிலும் இளநீர். துப்பினால் எச்சில்தான் வருகிறது, சுவை மட்டும் இளநீர். கப்பல் மருத்துவர் நெஞ்சில் காதை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். பிறகு ஒரு கை என்னைத் தூக்கியது. துணியில் சுற்றியது. நாலாபக்கமும் கடல், எனக்கு மட்டும் ரயில் சக்கரம் ஓடும் சத்தம். பக்கத்தில் ஒரு பெண் அழுவதும் கேட்டது. நீங்கள் அழுததை எழுதவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தார். "துணி விக்கறவரா? ஒண்ணும் வேணாம்" என்றார். அம்மா, நான் ரசிமன் என்றேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பாவம், தூரத்துலேர்ந்து வர்றீங்க போல. எம்மகன் ஊர்ல இல்ல. பொண்டாட்டியோட சோலோ போயிருக்கான். பின்னால வந்து சாப்பிட்டுப் போங்க."

பின்கட்டில் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுப்பருகே சாப்பாடு. கூடத்தில் வெறும் பீடத்துக்கு முன்னால் காப்பி வைக்கிறார், அதில் வெல்லம் இருக்கிறது, ஆனால் என் வாய்க்கு வருவது கசப்புதான். நண்பகலில் பீடத்துக்கு எதிரே உட்காருகிறார். கேட்கிறார். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்கிறார். நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

பகலில் வாயெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கிறது. காதில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். என் உடம்பு இங்கே சுவரோரம் கிடக்க, மற்றதெல்லாம் உங்கள் மேசையில் இருக்கிறது. நான் அங்கே வரலாமா? உங்கள் அனுமதி இல்லாமல் வர மாட்டேன்.

ரசிமன்


சோலோ, 7 மார்ச் 1937

காங்மாஸ்,

இந்தக் கடிதத்தில் நீங்கள் எனக்கு 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு திருத்த ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

வரலாமா என்று கேட்டீர்கள். கெரிஸை நிறுத்திக் கேட்டால் உங்கள் மனது எனக்குத் தெரிந்துவிடும். வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் நம்புகிறேன்.

வாருங்கள். உடனே வேண்டாம்.

இபு என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று. அது நான் சொல்ல வேண்டிய பதில் அல்ல என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அது உங்களுடைய பதில். நண்பகலில் சுவரோரம் உட்காராதீர்கள். பீடத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில், அவருக்கு எதிரே உட்காருங்கள். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தெம்பே பொரிக்கவா என்றால் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு இரும்புத் துண்டு ஒரு வருடம் உட்கார்ந்து கேட்டது. நீங்களும் உட்காருங்கள்.

ஒருநாள் அவர் உங்களை விர்யா என்று கூப்பிடுவார். அந்தப் பெயர் முதலில் உங்களுக்கு வந்து சேர வேண்டும். அது கத்தியிடம் இருக்கும்வரை நான் யாருக்கு மனைவி என்று எனக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு வாருங்கள். பள்ளிக்கு முன்வாசல் இருக்கிறது, அந்த வழியாக. வாசற்படியில் ஒரு முட்டை வைத்திருப்பேன். உங்கள் காலால் மிதியுங்கள். கிண்ணத்தில் பூத்தண்ணீர் இருக்கும், காலை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள். துடைக்கத் துணி நான் தருகிறேன். கெரிஸை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். பெட்டிக்குள் வையுங்கள். இந்தச் சுரோவில் அதை யாரும் கழுவ வேண்டாம், எண்ணெய் தடவினால் போதும். நான் வேலைக்குப் போவேன். நீங்கள் முன்னால் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் உட்காருவேன். இதெல்லாம் உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் உங்கள் கையால் எழுதுங்கள். அதையும் ஒத்துக்கொள்வேன்.

இபு கூப்பிட்டாரா என்று எனக்கு எழுத வேண்டியதில்லை. பிள்ளைகள் மனக்கணக்குப் போடும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். கெரிஸ் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் அங்கே உங்களைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே ஒரு தடவை தட்டும். நான் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் காலையில் அதன் காப்பியில் வெல்லம் போடுவேன். உங்கள் வாயில் இனித்தால் புறப்படுங்கள்.

முர்தினா